ஒரே ஒரு புள்ளி!

கேம்பஸ் கீபோர்டு: வாராவாரம் ஒரு டெக்னிக்கல் அரட்டை

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ நடக்கிற நாள்ல எந்த இன்ஜினீயரிங் காலேஜ் லேப் வாசல்ல போய் நின்னாலும் ஒரு டயலாக் கண்டிப்பா காதுல விழும்... “சார், நேத்து ராத்திரி என் லேப்டாப்ல ஓடுச்சு சார்!”

பொய் இல்லை. நிஜமாவே ஓடியிருக்கும். ஆனா லேப் மெஷின்ல ஓடலை. டீம்ல நாலு பேரும் சேர்ந்து கோடை வரி வரியா மேய்வாங்க. ஃபங்ஷன் சரி, லாஜிக் சரி, லூப் சரி. அப்புறம் ஏன் மக்கர் பண்ணுது?

பல தடவை வில்லன் கோடுக்குள்ளே இருக்கவே மாட்டார். ஃபோல்டரோட ஒரு மூலையில, யாரும் திறந்தே பார்க்காத ஒரு சின்ன ஃபைல் இருக்கும் பாருங்க, அதுக்குள்ளே ஹாயா கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஃபைலுக்குப் பேர் பில்ட் கான்ஃபிகரேஷன் ஃபைல். செல்லமா, பில்ட் ஃபைல்.

கோடு எழுதக் கத்துக்க ஆயிரம் புத்தகம் இருக்கு. இந்த ஃபைலைப் படிக்கக் கத்துக் கொடுக்கிறவங்க ரொம்பக் கம்மி. நெட்ல எங்கிருந்தோ காப்பி அடிக்கிறோம், பேரை மட்டும் மாத்துறோம், மறந்துடுறோம். இந்த வாரம் அந்த ஃபைலைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாமா ஃப்ரெண்ட்ஸ்?

கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட்

உங்க அக்கா கல்யாணத்துக்கு சமையல்காரரைப் பேசி முடிச்சதும், அவர் முதல்ல என்ன தருவார்? ஒரு நீளமான லிஸ்ட். துவரம் பருப்பு இவ்வளவு கிலோ, புளி இவ்வளவு, கடுகு இவ்வளவு, பெரிய அண்டா எத்தனை... அவர் கைப்பக்குவம் எவ்வளவு பிரமாதமா இருந்தாலும் சரி, லிஸ்ட்ல உப்பு விட்டுப்போனா சாம்பார் அவ்வளவுதான்!

சாஃப்ட்வேர் பேக்கேஜும் அப்படித்தான். நீங்க எழுதுற கோடு, சமையல். பில்ட் ஃபைல், லிஸ்ட். இந்த பேக்கேஜுக்குப் பேர் என்ன, எத்தனையாவது பதிப்பு, வேற எந்தெந்த பேக்கேஜ் இதுக்குத் துணை, எந்தக் கருவியால் இதைக் கட்டணும், கட்டும்போது எந்தக் கட்டளையை ஓட்டணும்... எல்லாம் அதுலதான் இருக்கும். ‘சி’ மொழிக்காரங்களுக்கு மேக்ஃபைல், சிமேக்லிஸ்ட்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் ஆளுங்களுக்கு பேக்கேஜ்.ஜேசன். பைத்தான் கோஷ்டிக்கு செட்டப்.பை, பைபுராஜெக்ட்.டாமல். ஊருக்கு ஊர் பேர் மாறும், வேலை ஒண்ணுதான்.

லிஸ்ட்டை சரிபார்க்கிறதுக்குத்தான் வேலிடேஷன்னு பேர். அதுல மூணு படி இருக்கு. முதல் படி, கையெழுத்து புரியுதா? ரெண்டாவது, எழுதியிருக்கிறது லிஸ்ட்ல வர வேண்டிய விஷயமா, ‘கிலோ’ன்னு போட வேண்டிய இடத்துல கிலோதான் இருக்கா? மூணாவது, அந்தச் சாமான் கடையில நிஜமா கிடைக்குதா, வாங்கிட்டு வந்தா சமையல் ஆகுதா? டெக்னிக்கலா சொன்னா இலக்கணம், அமைப்பு, அர்த்தம். இந்த மூணையும் மனசுல வெச்சுக்குங்க. மேல படிக்கப் படிக்க உதவும்.

முதல் தப்பு: ஒரு டேப்

‘மேக்’ கருவியை பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதினார். எந்த ஃபைல் மாறியிருக்கோ அதைச் சார்ந்ததை மட்டும் திரும்பக் கம்பைல் பண்ற சூப்பர் ஐடியா. இதுக்காக அவருக்கு 2003-ம் வருஷத்து ஏசிஎம் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருதும் கிடைச்சுது.

அதுல ஒரு விநோதமான விதி உண்டு. கட்டளை வரி ஒவ்வொண்ணும் ‘டேப்’ எழுத்தோடதான் ஆரம்பிக்கணும். எட்டு ஸ்பேஸ் அடிச்சு நிரப்பினா கண்ணுக்கு அச்சு அசல் டேப் மாதிரியே தெரியும். ஆனா மேக் ஒத்துக்காது. ‘செப்பரேட்டரைக் காணோம், நிறுத்தறேன்’னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டு நின்னுடும். ஃபெல்ட்மன் பின்னாடி சொன்ன காரணம் இன்னும் ஜோர். டேப் சரிப்பட்டு வராதுன்னு சீக்கிரமே தெரிஞ்சுதாம். ஆனா அதுக்குள்ளே ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களைக் கஷ்டப்படுத்த வேணாமேன்னு அப்படியே விட்டுட்டாராம். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்னிக்கு வரைக்கும் டேப் அடிச்சிட்டிருக்கு!

இது முதல் படித் தப்பு. கண்ணுக்குத் தெரியாத தப்புதான், ஆனா கத்திச் சொல்லிடுது. கத்துற தப்பு நல்ல தப்பு பாஸ். எந்த வரின்னு நம்பரோட சொல்லும்போது நமக்கென்ன கவலை?

ரெண்டாவது தப்பு: ஒரு எழுத்து

அடுத்து பேக்கேஜ்.ஜேசன். ஜேசன் ரொம்பக் கறார் பேர்வழி. கடைசி ஐட்டத்துக்கு அப்புறம் ஒரு கமா கூடுதலா இருந்தாலும் ஏத்துக்காது. நடுவுல கமென்ட் எழுதினாலும் ஏத்துக்காது. இதுவும் கத்துற ரகம்.

ஆனா இதோ ஒரு அமைதியான ஆசாமி. போன வாரம் செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான்.

“அக்கா, இன்ஸ்டால் பண்ணினேன், ஒரு எரர்கூட வரலை. ஓட்டினா மட்டும் மாட்யூலைக் காணோம்னு சொல்லுது!”

“பேக்கேஜ்.ஜேசனைத் திற. துணை பேக்கேஜ் எல்லாம் எந்தத் தலைப்புக்குக் கீழே போட்டிருக்க?”

“டிபென்டென்சிஸ்தான்க்கா.”

“ஸ்பெல்லிங்கைப் படி, ஒவ்வொரு எழுத்தா...”

நடுவுல ஒரு ‘என்’ மிஸ்ஸிங்! இலக்கணப்படி அந்த ஃபைல் பக்கா. ஒரு கமாகூட தப்பில்லை. ஆனா அந்தத் தலைப்பு என்பிஎம்முக்குத் தெரியாத தலைப்பு. தெரியாத தலைப்பைப் பார்த்தா அது கோபப்படாது. ‘யாரோ வேற கருவிக்காக எழுதி வெச்சிருக்காங்க போல’ன்னு மரியாதையா ஒதுங்கிப் போயிடும். வேற கருவிகளும் அதே ஃபைல்ல தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கலாம்னு இடம் கொடுத்திருக்கிறதால வந்த வினை. லிஸ்ட்ல ஒரு பக்கம் முழுக்கக் கடைக்காரர் கண்ணுலயே படலை. ஆனா பில்லு போட்டு “நன்றி, மீண்டும் வருக”ன்னு அனுப்பி வெச்சுட்டார்!

இந்த ரெண்டாவது படித் தப்பு கத்தாது. இங்கேதான் நிஜமான வேலிடேஷன் தேவைப்படுது. எந்தத் தலைப்பெல்லாம் வரலாம், எதுக்குக் கீழே எழுத்து, எதுக்குக் கீழே எண், எது கட்டாயம்னு முன்கூட்டியே எழுதி வெச்ச விதிப் பட்டியலுக்கு ஸ்கீமான்னு பேர். நம்ம ஃபைலை ஸ்கீமாவோட ஒப்பிட்டா, அமைதியான தப்பு கத்துற தப்பா மாறிடும். வேலிடேஷனோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான்: ரிவ்யூ அன்னிக்கு வரப்போற தலைவலியை இன்னிக்கே வரவழைக்கிறது.

மூணாவது தப்பு: ஒரு பூஜ்யம்

யாமெல்னு இன்னொரு ஃபைல் ஃபார்மட். கிட்ஹப்ல தானா பில்ட் ஓட, டெஸ்ட் ஓட இதுலதான் எழுதணும். பைத்தான் 3.10 பதிப்பு 2021 அக்டோபர்ல வந்தப்ப, நிறைய பேர் ‘பைத்தான் வெர்ஷன்: 3.10’னு எழுதிட்டு, பில்ட் ஏன் 3.1-ஐத் தேடுதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். மேற்கோள் குறி போடாம எழுதினா யாமெல் அதை எண்ணா எடுத்துக்கும். எண் கணக்குல 3.10-ம் 3.1-ம் ஒண்ணுதானே? அஞ்சாங்கிளாஸ் பையனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனா வெர்ஷன்ங்கிறது எண் இல்லை, பேர். பேரை மேற்கோள் குறிக்குள்ள போடணும். ரெண்டே ரெண்டு குறி, பிரச்னை காலி.

எண்ணே போடாம விடுறது இன்னொரு வம்பு. லிஸ்ட்ல ‘நம்பை’னு மட்டும் எழுதி வெச்சா, ‘கடையில இருக்கிறதுல புதுசா ஒண்ணு கொடு’ன்னு அர்த்தம். உங்க லேப்டாப்ல போன வருஷம் போட்ட 1.26 இருக்கும். புது மெஷின்ல இன்ஸ்டால் பண்ணினா 2-ல் ஆரம்பிக்கிற பதிப்பு வரும். 2024 ஜூன்ல வந்த நம்பை 2.0, பழைய பேர்கள் சிலதைத் தூக்கிடுச்சு. அந்தப் பேரை உங்க கோடு கூப்பிட்டா... அதேதான், “என் லேப்டாப்ல ஓடுச்சு சார்!” டயலாக்கோட பிறப்பிடம் இதுதான்.

ஜாவாஸ்கிரிப்ட்ல இதுக்கு ரெண்டு குறி உண்டு. 1.2.3-க்கு முன்னாடி ^ போட்டா, 2.0.0-க்குக் கீழே எது வந்தாலும் ஓகே. ~ போட்டா, 1.3.0-க்குக் கீழே மட்டும் ஓகே. காப்பி பேஸ்ட் பண்ணும்போது இந்தத் தொப்பியையும் நெளிவையும் யாரும் கவனிக்கிறதில்லை. உங்க புராஜெக்ட் ஆறு மாசம் கழிச்சு ஓடுமா ஓடாதாங்கிறதை அந்தக் குட்டிக் குறிதான் முடிவு பண்ணுது.

பூட்டின பெட்டிக்குள்ள சாவி

பைத்தான்ல ரொம்ப நாளா செட்டப்.பைதான் லிஸ்ட். அதுல ஒரு கோக்குமாக்கு இருந்தது. அது வெறும் லிஸ்ட் இல்லை, ஒரு முழு புரோகிராம். படிக்கணும்னா ஓட்டணும். என்னென்ன துணை வேணும்னு தெரிஞ்சுக்க ஓட்டினா, ஓடுறதுக்கே முதல் வரியில ஒரு துணை பேக்கேஜைக் கேட்கும். பெட்டியைத் திறக்கச் சாவி வேணும், சாவி பெட்டிக்குள்ள இருக்கு!

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓட்டினாத்தான் படிக்க முடியும்னா, அதுல ஒருத்தர் என்ன எழுதி வெச்சிருந்தாலும் அது உங்க மெஷின்ல ஓடும். மளிகை லிஸ்ட்டைப் பிரிச்ச கையோட அது எழுந்து நம்ம பீரோவைத் திறக்கிற கதை.

அதனால பைத்தான் ஆளுங்க 2016-ல் பெப் 518-னு ஒரு முடிவுக்கு வந்தாங்க. கட்டுறதுக்கு என்ன வேணுங்கிறதை ஓடாத, சும்மா படிக்க மட்டும் முடியுற ஒரு ஃபைல்ல எழுதணும். அதுதான் பைபுராஜெக்ட்.டாமல். 2020-ல் வந்த பெப் 621, பேர், பதிப்பு, துணை பேக்கேஜ் விவரங்களையும் அதே ஃபைல்ல எப்படி எழுதணும்னு வரையறுத்தது. 2022 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.11-ல் டாமல் ஃபைலைப் படிக்கிற ‘டாம்லிப்’ கூடவே வந்துடுச்சு. செட்டப்.பை ஒண்ணும் செத்துப் போகலை, தேவைப்படுற இடத்துல இன்னும் இருக்கு. ஆனா ‘லிஸ்ட் வேற, புரோகிராம் வேற’ங்கிற பிரிவினை வந்தாச்சு. ஓட்டாமலே படிக்கலாம். ஓட்டாமலே சரிபார்க்கலாம்.

இதுலயும் அமைதிப் பேர்வழிகள் உண்டு. ‘பில்ட்-சிஸ்டம்’னு ஹைஃபன் போட வேண்டிய தலைப்புல அண்டர்ஸ்கோர் போட்டா, பிப் கருவிக்கு அது இல்லாத மாதிரிதான். வழக்கமான செட்டப்டூல்ஸை எடுத்துக்கிட்டு வேலையை ஆரம்பிச்சுடும், நீங்க வேற கருவியைக் கேட்டிருந்தாலும். 2022-க்கு முந்தைய செட்டப்டூல்ஸுக்கு ‘புராஜெக்ட்’ங்கிற பகுதியைப் படிக்கவே தெரியாது. விவரமெல்லாம் அங்கே மட்டும் இருந்தா, ‘அன்நோன்’னு பேர் வெச்சு, பதிப்பு 0.0.0-னு போட்டுக் கட்டிக் கொடுத்துடும். பேர் வைக்காத பிள்ளையைக் கையில கொடுத்து அனுப்பின மாதிரி! 2022-ல் வந்த 61-ம் பதிப்பிலிருந்து அது அந்தப் பகுதியை ஸ்கீமாவோட ஒப்பிட்டுப் பார்க்குது. ‘புராஜெக்ட்’டுக்குள்ள தெரியாத வார்த்தை இருந்தா, கட்ட மாட்டேன்னு சண்டைக்கு வரும். வரட்டும், நமக்கு நல்லதுதான்.

நாலாவது தப்பு: ஒரு ஹைஃபன்

இதுவரைக்கும் பார்த்தது எல்லாம் தெரியாமப் பண்ற தப்பு. நாம தப்பு பண்ணுவோம்னு தெரிஞ்சு காத்திருக்கிறவங்களும் உண்டு.

என்பிஎம்ல ‘கிராஸ்-என்வ்’னு ஒரு பிரபலமான பேக்கேஜ். 2017-ல் ‘கிராஸ்என்வ்’னு, நடுவுல ஹைஃபன் இல்லாம, வேற ஒருத்தர் ஒரு பேக்கேஜை ஏத்தி வெச்சார். யாராவது அவசரத்துல ஹைஃபனை விட்டுட்டா அது வந்து உட்கார்ந்துக்கும். கில்லாடித்தனம் என்னன்னா, அது உள்ளுக்குள்ள நிஜ பேக்கேஜையும் கூப்பிட்டுக்கும். அதனால எல்லாம் ஒழுங்கா ஓடும். சந்தேகமே வராது. ஆனா இன்ஸ்டால் ஆகும்போதே ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, மெஷின்ல இருக்கிற என்விரான்மென்ட் வேரியபிள்களை எல்லாம் வெளியே அனுப்பிடும். பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எல்லாம் அங்கேதானே வெச்சிருப்பாங்க! 2017 ஆகஸ்ட்ல விஷயம் தெரிஞ்சு என்பிஎம் அதைத் தூக்கினாங்க.

லிஸ்ட்ல கடுகுன்னு எழுத வேண்டிய இடத்துல கடுக்காய்னு எழுதினா என்ன ஆகும்? இலக்கணம் சரி. அமைப்பும் சரி, அதுவும் கடையில விக்கிற பொருள்தான். ஸ்கீமாவால இதைப் பிடிக்கவே முடியாது. மூணாவது படி, அர்த்தம், மனுஷக் கண்ணுக்குத்தான் தெரியும். அந்தப் போலி பேக்கேஜோட பேக்கேஜ்.ஜேசனை ஒரு நிமிஷம் திறந்து பார்த்திருந்தா, ‘இன்ஸ்டாலுக்கு அப்புறம் இதை ஓட்டு’ங்கிற வரி அங்கேயே பல்லிளிச்சுக்கிட்டு நின்னிருக்கும்.

அஞ்சாவது: அந்தப் புள்ளி

இப்போ தலைப்புக்கு வருவோம். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

எக்ஸ்இஸட்னு ஒரு கம்ப்ரஷன் சாஃப்ட்வேர். லினக்ஸ் இருக்கிற இடத்துல எல்லாம் பெரும்பாலும் அதுவும் இருக்கும். அதை வருஷக்கணக்கா பராமரிச்சு வந்தவர் லாஸ்ஸே கோலின். 2021 முதல் ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் உதவிக்கு வந்தார். நல்லா வேலை செஞ்சார், நம்பிக்கையைச் சம்பாதிச்சார், கடைசியில புதுப் பதிப்பை வெளியிடுற பொறுப்புக்கே வந்துட்டார்.

2024-ல் 5.6.0, 5.6.1னு ரெண்டு பதிப்பு வந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிற ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டுங்கிற இன்ஜினீயர், தன் மெஷின்ல எஸ்எஸ்ஹெச் லாகின் கிட்டத்தட்ட அரை செகண்ட் தாமதமாகுறதைக் கவனிச்சார். நாமா இருந்தா “நெட் ஸ்லோ”ன்னு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் விடலை. தோண்டினார். 2024 மார்ச் 29 அன்னிக்கு உலகத்துக்கே சொன்னார்: இதுக்குள்ள ஒரு கள்ளக் கதவு இருக்கு!

அந்தக் கதவு எங்கே இருந்தது தெரியுமா? எல்லாரும் பார்க்கக்கூடிய சோர்ஸ் கோடுல இல்லை. டெஸ்ட் ஃபைல்னு சொல்லி வெச்சிருந்த ரெண்டு பைனரி ஃபைல்ல ஒளிச்சு வெச்சு, அதை வெளியே எடுக்கிற வரியை ஒரு பில்ட் ஃபைல்ல எழுதியிருந்தாங்க. அந்தத் திருத்தின பில்ட் ஃபைல் கிட் ரெப்போல இல்லை, டவுன்லோடு பண்ற கம்ப்ரெஸ் கட்டுல மட்டும் இருந்தது. ரெப்போவைப் படிச்சவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கட்டைப் பிரிச்சு பில்ட் பண்ணினவங்களுக்கு மட்டும் கதவு தானா முளைக்கும். ஆபத்தோட அளவுக்கு 10-க்கு 10 மார்க் போட்டாங்க. டெபியன், ஃபெடோராவோட சோதனைப் பதிப்புகள் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உலகத்து சர்வர்கள்ல பாதிக்கு மேல எட்டிப் பார்த்திருக்கும்னு பயந்தவங்க நிறைய பேர்.

விஷயம் வெளியே வந்ததும் கோலின் உட்கார்ந்து பழைய மாற்றங்களை ஒவ்வொண்ணா அலசினார். அப்போ சிமேக் பில்ட் ஃபைல்ல இன்னொண்ணு சிக்கியது. லினக்ஸ்ல லேண்ட்லாக்னு ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. ஒரு புரோகிராம் தேவையில்லாத ஃபைலைத் தொடாம வேலி போடும். ‘இந்த மெஷின்ல லேண்ட்லாக் இருக்கா?’ன்னு தெரிஞ்சுக்க, பில்ட் ஃபைல் ஒரு குட்டி ‘சி’ புரோகிராமைக் கம்பைல் பண்ணிப் பார்க்கும். கம்பைல் ஆனா வசதி இருக்கு. ஆகலைன்னா இல்லை, வேலி இல்லாமலே கட்டு. நியாயமான ஏற்பாடுதான்.

அந்தக் குட்டி புரோகிராம்ல, ஒரு வரியோட தொடக்கத்துல, ஒரே ஒரு புள்ளி. முற்றுப்புள்ளி. அவ்வளவுதான். ஒரு புள்ளி இருந்தா ‘சி’ புரோகிராம் எந்த மெஷின்லயும் கம்பைல் ஆகாது. ஆகலைன்னா ‘லேண்ட்லாக் இல்லை’ன்னு அர்த்தம். வேலி எப்பவுமே போடப்படாது. ஒரு எரர்கூட வராது. பில்ட் வெற்றிகரமா முடியும்!

நல்லா யோசிச்சுப் பாருங்க. ‘வசதி நிஜமா இல்லை’, ‘கேள்வியே தப்பாக் கேட்டோம்’, ரெண்டுக்கும் பதில் ஒரே மாதிரி வருது. கதவைத் தட்டுற கை காத்துல ஆடினா, வீட்ல ஆள் இல்லைன்னுதானே முடிவு பண்ணுவோம்? அந்த இடைவெளியிலதான் புள்ளியை வெச்சாங்க. ஸ்க்ரீன்ல தூசு மாதிரி ஒரு புள்ளி. நூத்துக்கணக்கான வரி மாற்றத்துக்கு நடுவுல யார் கண்ணுல படும்?

அப்போ நாம என்ன பண்ணலாம்?

“நாங்க மினி புராஜெக்ட் பண்றவங்க, எங்களை எவன் ஹேக் பண்ணப் போறான்?”ங்கிறீங்களா? இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க கட்டுறது ஒரு பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும். பழக்கம் இப்பவே வரணும். பெரிய வித்தை எல்லாம் வேணாம். அஞ்சு விஷயம் போதும். வெட்டி எடுத்து ஹாஸ்டல் சுவர்ல ஒட்டிக்குங்க.

1. முதல்ல கண்ணால படிங்க. அடுத்தவங்க பேக்கேஜை இறக்கினா கோடுக்கு முன்னாடி பில்ட் ஃபைலைத் திறங்க. மூணே கேள்வி: துணை பேக்கேஜ் பேர் எல்லாம் எழுத்துப் பிசகாம சரியா? பதிப்பு எண் போட்டிருக்கா, எந்தக் குறியோட? இன்ஸ்டால் ஆகும்போது ஓடுற கட்டளை ஏதாவது இருக்கா, அது என்ன பண்ணுது?

2. இலக்கணத்தை மெஷின்கிட்ட விடுங்க. ஜேசனுக்கு பைத்தானோடவே வர்ற ‘ஜேசன்.டூல்’ போதும். டாமலுக்கு டாம்லிப். மேக்ஃபைலுக்கு, மேக் கட்டளையோட ‘-என்’ சேருங்க (சின்ன ‘என்’). கட்டளைகளை ஓட்டாம, என்ன ஓட்டப்போறேன்னு பெரும்பாலும் எழுதி மட்டும் காட்டும்.

3. அமைப்பை ஸ்கீமாவோட ஒப்பிடுங்க. பைபுராஜெக்ட் ஃபைலுக்கு ‘வேலிடேட்-பைபுராஜெக்ட்’னே ஒரு இலவசக் கருவி இருக்கு. நல்ல எடிட்டர்கள் ஸ்கீமா தெரிஞ்ச ஃபைலுக்குத் தப்பான தலைப்புக்கு அடியில கோடு போட்டுக் காட்டும். அந்த நெளிகோட்டை அலட்சியம் பண்ணாதீங்க.

4. காலி வீட்ல சமைச்சுப் பாருங்க. உங்க லேப்டாப்ல ஏற்கெனவே எல்லாம் கிடக்கு, அதனால அது பொய் சாட்சி. புதுசா ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு, லிஸ்ட்ல இருக்கிறதை மட்டும் இன்ஸ்டால் பண்ணி ஓட்டுங்க. பிறகு ‘பிப் செக்’ ஓட்டினா, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத பதிப்புகளைக் காட்டிக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல ‘இன்ஸ்டால்’க்குப் பதிலா ‘என்பிஎம் சிஐ’. பழசை எல்லாம் துடைச்சுட்டு லாக் ஃபைல்படிதான் போடும். பேக்கேஜ்.ஜேசனும் லாக் ஃபைலும் முரண்பட்டா நின்னுடும். கத்துற கருவி, நம்ம ஃப்ரெண்ட்!

5. பச்சை எழுத்து வந்தாலும் பதிவைப் படிங்க. பில்ட் ஓடும்போது சரசரன்னு மேலே ஓடுற வரிகள்ல ‘இல்லை’, ‘ஃபெயில்டு’, ‘ஸ்கிப்’னு வர்றதை எல்லாம் ஒரு தடவை பாருங்க. இல்லைன்னு சொல்ற வசதி உங்க மெஷின்ல நிஜமாவே இல்லையா? இருக்க வேண்டியது இல்லைன்னு வந்தா, கேள்வியையே சந்தேகப்படுங்க. அந்தப் புள்ளியும் ஒவ்வொரு சிமேக் பில்ட்லயும் ‘ஃபெயில்டு’னு ஒரு வரியை விட்டுட்டுத்தான் போயிருக்கும். படிக்கத்தான் ஆள் இல்லை.

இதுல ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. முதல் ரெண்டு படியை மெஷின் பார்த்துக்கும். எவ்வளவு நல்ல ஸ்கீமா வந்தாலும் கடுகா கடுக்காயாங்கிறதை அது சொல்லாது. புள்ளி வெச்சவர் இலக்கணம் தெரியாதவர் இல்லை. மெஷின் எங்கே பேசாம இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சவர். அதனால மெஷின் பேசாத இடத்துல நாம பேசணும். “இந்த வரி எதுக்கு?”ன்னு டீம்ல ஒருத்தராவது கேட்கணும். பதில் யாருக்கும் தெரியலைன்னா, அந்த வரியைக் காப்பி பண்ணாதீங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு சின்ன ஹோம்வொர்க். உங்க புராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. பில்ட் ஃபைலைக் கண்டுபிடிங்க. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், இது எதுக்கு, இது எதுக்குன்னு விரல் வெச்சுப் படிங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எந்த வரிக்கு உங்ககிட்ட பதில் இல்லையோ, அங்கே ஒரு சிவப்பு டிக் அடிங்க. அடுத்த நாள் டீமோட உட்கார்ந்து பேச வேண்டியது அந்த வரியைப் பத்தித்தான்.

அடுத்த வாரம்: லாக் ஃபைல்னு ஒண்ணு பல ஆயிரம் வரிக்கு நீண்டு கிடக்கே, அதை கிட்ல போடணுமா, வேண்டாமா? ஹாஸ்டல்ல ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு சண்டை போடுற மேட்டர்... சந்திப்போம்!